ஆம்பிசிலின் போட்டும் கல்ச்சர்ல பிளாஸ்மிட் காணாம போகுது, வளர்க்கற விதத்துல எத மாத்தணும்?

சிங்கிள்_காலனி:

எல்லாருக்கும் வணக்கம். ஈ.கோலை பாக்டீரியாவோட பிஎல்21(டிஇ3) ஸ்ட்ரெயின்ல பெட் வெக்டர் (வேண்டிய ஜீன சுமந்துட்டு, குரோமோசோமுக்கு வெளில தனியா இருக்கற வட்ட டிஎன்ஏ, அதாவது பிளாஸ்மிட்) வச்சு ஒரு என்சைம் எக்ஸ்பிரஸ் பண்றோம், அதாவது செல்ல அத தயாரிக்க வைக்கறோம், பிளாஸ்மிட்ல இருக்கற ரெசிஸ்டன்ஸ் ஆம்பிசிலின் ஆன்டிபயாட்டிக்குக்கு. 5 மில்லி டியூப்ல வளத்தா ஜெல்லுல அந்த என்சைமோட பேண்ட் தடியா, கண்ண மூடிட்டு சொல்லலாம் அந்த மாதிரி வருது. அதே காலனிய ஓவர்நைட் 37 டிகிரில விட்டு, காலைல அதுலேர்ந்து 10 மில்லி எடுத்து 1 லிட்டர் எல்பி மீடியத்துல ஊத்தி, ஓடி (கலங்கல வச்சு அளக்கற செல் அடர்த்தி) 0.6 வந்ததும் ஐபிடிஜி (ஜீன முடுக்கி விடற இண்டியூசர்) போட்டா பேண்ட் பாதி கூட இல்ல. இதுல விசித்திரம் என்னன்னா செல் வளர்ச்சில ஒரு குறையும் இல்ல, ஐபிடிஜி போட்டதுக்கு அப்புறமும் ஓடி ஜம்முன்னு ஏறிட்டே இருக்கு.

சந்தேகம் வந்து, ஐபிடிஜி போடறதுக்கு முன்னாடி கொஞ்சம் எடுத்து டைலூட் பண்ணி வெறும் எல்பி பிளேட்லயும் ஆம்பிசிலின் பிளேட்லயும் பரப்பினேன். வெறும் பிளேட்ல 180 காலனி, ஆம்பிசிலின் பிளேட்ல 60 சொச்சம். அப்ப மூணுல ரெண்டு பங்கு செல்லுல பிளாஸ்மிட்டே இல்லன்னு தானே அர்த்தம்? மீடியத்துல 100 மைக்ரோகிராம்/மில்லி ஆம்பிசிலின் இருக்கு, ஸ்டாக் புதுசா கரைச்சது, அதுக்குள்ள பிளாஸ்மிட் இல்லாத செல் எப்படி உயிரோட இருக்கு? வெப்பநிலை, மீடியம், ஷேக்கர் வேகம், எவ்வளவு நேரம் வளக்கறோம், இதுல எது முக்கியம்னு அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க. பேசாம கனமைசின்ங்கற வேற ஆன்டிபயாட்டிக்குக்கு ரெசிஸ்டன்ஸ் உள்ள வெக்டருக்கு மாறிடலாமான்னும் யோசனை ஓடுது.

மிட்லாக்:

ஐபிடிஜி போட்டப்புறமும் ஓடி ஜம்முன்னு ஏறுதுன்னு எழுதியிருக்கீங்களே, விஷயமே அங்கதான் இருக்கு. பெட் சிஸ்டத்துல இண்டக்ஷன், அதாவது ஜீன முடுக்கி விடறது, ஒழுங்கா நடந்தா செல் திணறும், வளர்ச்சி மந்தமாகும். ஏறிட்டே போகுதுன்னா வளர்றது பிளாஸ்மிட் இல்லாத கூட்டம்.

ஆம்பிசிலின் இருக்கறப்ப எப்படி பொழைக்குதுன்னு கேட்டீங்க. இருக்கறப்ப பொழைக்கல, ஆம்பிசிலின் தீர்ந்த அப்புறம் பொழைக்குது. பிளாஸ்மிட் செய்யற பீட்டா லாக்டமேஸ் செல்லோட உள் சவ்வத் தாண்டி பெரிபிளாசத்துக்கு (உள், வெளி சவ்வுக்கு நடுவுல இருக்கற இடம்) போற என்சைம், அங்கேருந்து மீடியத்துக்கும் கசியுது, அது வெளியில இருக்கற ஆம்பிசிலினையும் சேத்து உடைச்சுத் தள்ளிடும். ஒருத்தர் குடை பிடிக்க பக்கத்துல நிக்கறவங்களும் நனையாம தப்பிக்கற கதைதான். எவ்வளவு சீக்கிரம்னு நினைக்கறீங்க? கல்ச்சர் கண்ணுக்கு லேசா கலங்கலா தெரிய ஆரம்பிக்கறப்பவே, அதாவது மில்லிக்கு சுமார் ஒரு கோடி செல் வந்ததுமே ஏறக்குறைய மொத்த ஆம்பிசிலினும் காலி. ஓடி 0.6 எல்லாம் அதுக்கு ரொம்ப அப்புறம். அதுலேர்ந்து நீங்க வளக்கறது ஆன்டிபயாட்டிக் இல்லாத கல்ச்சர்னே வச்சுக்கங்க, பாட்டில் மேல என்ன எழுதி ஒட்டியிருந்தாலும் சரி.

இன்னொன்னு, ஓவர்நைட் கல்ச்சர அப்படியே 10 மில்லி ஊத்தறீங்க. அந்த 10 மில்லில செல் மட்டும் வரல, ராத்திரி முழுக்க சேந்த பீட்டா லாக்டமேஸும் சேந்து வருது. புது லிட்டர்ல நீங்க போட்ட ஆம்பிசிலின் முதல் நிமிஷத்துலேர்ந்தே உடைய ஆரம்பிச்சுடும். அதனால ஓவர்நைட்ட சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தி, மேல நிக்கற தண்ணிய கொட்டிட்டு, செல்ல மட்டும் புது மீடியத்துல கலக்கி ஊத்துங்க. ரொம்ப சின்ன வேலை, ஆனா இத செய்யறவங்க கம்மி.

அதவிட நல்லது என்னன்னா, சீட் கல்ச்சர (பெரிய கல்ச்சர ஆரம்பிக்க ஊத்தற சின்ன கல்ச்சர்) சாச்சுரேஷன் (இதுக்கு மேல வளராதுங்கற அடர்த்தி) வரைக்கும் விடாம இருக்கறது. ஓடி 0.6 லேர்ந்து 1 க்குள்ள நிறுத்தி 4 டிகிரில வச்சுட்டு காலைல சுத்தி எடுத்து போடுங்க. கார்பெனிசிலின் கைல இருந்தா ஆம்பிசிலினுக்கு பதிலா அத போடுங்க, கல்ச்சர் அடர்த்தியாகி மீடியம் அமிலமா மாறறப்ப ஆம்பிசிலின் அளவுக்கு அது சீக்கிரம் கெடாது.

அகார்_அன்பு:

நாங்க ஆம்பிசிலின் 200 போடறோம், சில சமயம் நடுவுல இன்னொரு தடவையும் சேக்கறோம், ஓரளவு வேலை செய்யுது. முதல்ல அத முயற்சி பண்ணிப் பாருங்க ப்ரோ.

கெமோஸ்டாட்:

அன்பு சொல்றது கொஞ்ச நேரம் வாங்கித் தரும், மறுக்கல. ஆனா என்சைம் அளவு செல் கூடக் கூட ஏறிட்டே போகும், ஆம்பிசிலின ரெண்டு மடங்கா ஆக்கினா கிடைக்கறது கொஞ்சநேர தாமதம், அவ்வளவுதான். ஆன்டிபயாட்டிக்க மட்டும் பாத்துட்டு இருந்தா அடிப்படை காரணம் கண்ணுல படாது. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

பிளாஸ்மிட் தொலையறதுல ரெண்டு விஷயம் இருக்கு, ரெண்டையும் பிரிச்சுப் பாக்கணும். ஒண்ணு, செல் ரெண்டா பிரியறப்ப ஒரு மகள் செல்லுக்கு பிளாஸ்மிட்டே போகாம விட்டுப்போறது, அது எத்தன தடவைக்கு ஒரு தடவை நடக்குதுங்கறது. ரெண்டாவது, அப்படி வெறுங்கையோட பொறந்த செல் மத்ததவிட எவ்வளவு வேகமா வளருதுங்கறது. எல்லாரும் முதல் விஷயத்தையே பேசறாங்க, ஆனா ஃபிளாஸ்க்ல ஆட்டத்த முடிக்கறது ரெண்டாவது.

முதல் விஷயம் முதல்ல. பெட், பிபிஆர்322, பியூசி மாதிரி வெக்டர்கள்ல பங்கு பிரிச்சுக் கொடுக்கற பார்ட்டிஷன் சிஸ்டம் கிடையாது, எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம். செல்லுல 20 காப்பி இருந்து ஒவ்வொண்ணும் தனித்தனியா இஷ்டத்துக்குப் போச்சுன்னா, ஒரு பக்கம் சுத்தமா காலியா இருக்கற வாய்ப்பு 5 லட்சத்து சொச்சத்துல ஒண்ணு. அவ்வளவு கம்மி. ஆனா எண்ணிக்கை குறைஞ்சா நிலைமை தலைகீழா மாறும், 10 காப்பின்னா 512ல ஒண்ணு, 5 காப்பின்னா 16ல ஒண்ணு. உங்க ஸ்ட்ரெயின் பிஎல்21, அதுல ரெக்ஏ (ஒரே மாதிரி டிஎன்ஏக்கள இணைக்கற புரோட்டீன்) நல்லா வேலை செய்யுது, அதனால பிளாஸ்மிட்டுகள் ஒண்ணோட ஒண்ணு சேந்து ரெண்டு ஒட்டின டைமர், நாலு ஒட்டின டெட்ராமர்னு ஆகும். 20 காப்பி நாலு நாலா ஒட்டிக்கிட்டா பிரிக்கறதுக்கு இருக்கற உருப்படி வெறும் 5. அதுலயும் டைமர்ல ரெண்டு ஆரிஜின் (நகலெடுப்பு ஆரம்பிக்கற இடம்) இருக்கறதால ரெப்ளிகேஷனுக்கு, அதாவது நகலெடுப்புக்கு, அதுக்குத்தான் வாய்ப்பு அதிகம், ஒரு செல்லுல ஒருதடவை வந்துட்டா அந்த வம்சத்துல அது பெருகிட்டே போகும். இயற்கையில இருக்கற கோல்இ1 பிளாஸ்மிட்ல இத அவுத்து விடறதுக்கு செர்னு ஒரு இடம் இருக்கு, செல்லோட எக்ஸ்ஈஆர் என்சைம்கள் அதுல வெட்டி மறுபடி தனித்தனி ஆக்கும். சம்மர்ஸும் ஷெராட்டும் 1984ல இத காட்டினாங்க. நம்ம குளோனிங் வெக்டர்கள சின்னதா ஆக்கறேன்னு வெட்டினப்ப அந்த செர் பகுதியும் போயிடுச்சு. டைமர் தொல்லைன்னு உறுதியா தெரிஞ்சா ரெக்ஏ இல்லாத பிஎல்ஆர்(டிஇ3) ஸ்ட்ரெயின்ல போட்டுப் பாக்கலாம்.

இப்ப ரெண்டாவது. இமனாகாவும் ஐபாவும் 1981ல ஒரு எளிமையான சமன்பாடு கொடுத்தாங்க, அத வச்சு கணக்கு போட்டுப் பாருங்க. ஒவ்வொரு தலைமுறையிலயும் ஆயிரத்துல ஒரு செல் பிளாஸ்மிட்ட தொலைக்குதுன்னு வச்சுக்குவோம், ஆன்டிபயாட்டிக் கிடையாது, 25 தலைமுறை ஓடுது. தொலைச்ச செல்லும் தொலைக்காத செல்லும் ஒரே வேகத்துல வளந்தா கடைசில 98 சதவீதம் செல்லுல பிளாஸ்மிட் இருக்கும். தொலைச்சது 20 சதவீதம் வேகமா வளந்தா 86 ஆகும். 40 சதவீதம் வேகம்னா வெறும் 28. இப்ப வேற மாதிரி பாருங்க, வேகம் சமமா இருந்து தொலையறது மட்டும் பத்து மடங்கு கூடி நூத்துல ஒண்ணுன்னு ஆனா கூட 84 சதவீதம் மிச்சம் இருக்கு. உங்க ஃபிளாஸ்க்ல 180க்கு 60ன்னா, பிளாஸ்மிட் சுமந்துட்டு இருக்கற செல் ரொம்ப பாரத்தோட ஓடுதுன்னுதான் எனக்குப் படுது. வளர்க்கற சூழ்நிலைல எத மாத்தினாலும் இந்த வேக வித்தியாசத்த குறைக்குதா, தலைமுறை எண்ணிக்கைய குறைக்குதா, இந்த ரெண்ட மட்டும் கேளுங்க.

தலைமுறை கணக்கு எவ்வளவு சீக்கிரம் ஏறுதுன்னு பலரும் கவனிக்கறதில்ல. ஒரே ஒரு செல்லுலேர்ந்து 5 மில்லி நிறைஞ்ச கல்ச்சர் வரைக்கும் சுமார் 33 தலைமுறை, அதுல பாதிக்கு மேல பிளேட்ல காலனி வர்றப்பவே ஓடிடும். அங்கேருந்து 1:100 போட்டு மறுபடி நிறைய விட்டா இன்னும் 6, 7. அதனால டியூப்ல நல்லா வந்தது ஃபிளாஸ்க்ல வரலன்னா மர்மம் ஒண்ணும் இல்ல, ஓவர்நைட்ல சின்னதா ஆரம்பிச்ச கூட்டம் அடுத்த கட்டத்துல பெருசாகுது.

வெப்பநிலைய பத்தி ஒண்ணு. இத பொதுவா சொல்ல முடியாது, ஆரிஜின பொறுத்தது. பியூசி வகையில ஆர்என்ஏ II (நகலெடுப்ப ஆரம்பிச்சு வைக்கற ஆர்என்ஏ) பகுதியில இருக்கற ஒரே ஒரு எழுத்து மாற்றத்தாலயும் காப்பி எண்ணிக்கைய அடக்கி வைக்கற ராப் புரோட்டீன் இல்லாததாலயும் 37 டிகிரில பல நூறு காப்பி வருது, 30 டிகிரிக்கு இறக்கினா அந்த மாற்றத்தோட பலன் அடங்கி எண்ணிக்கை நல்லா குறையுது, 42க்கு ஏத்தினா இன்னும் கூடும். பிளாஸ்மிட் டிஎன்ஏவையே பொருளா தயாரிக்கறவங்க இதனாலதான் முதல்ல கம்மி சூட்டுல வளத்து அப்புறம் ஏத்தறாங்க, பாரம் இல்லாம செல்ல பெருக்கிட்டு கடைசில காப்பிய பெருக்கறது. இதுக்கு நேர் எதிர் பிகேடி46 மாதிரி சூடு தாங்காத பிஎஸ்சி101 ஆரிஜின், அத 30ல வளத்தாதான் நிக்கும், 37லயே தொலைய ஆரம்பிச்சுடும், வேலை முடிஞ்சதும் பிளாஸ்மிட்ட கழட்டி விடறதுக்கு அங்க அதுதான் நமக்கு வேணும். உங்க பெட்ல ராப் இருக்கு, காப்பி எண்ணிக்கைல வெப்பநிலை அந்த அளவுக்கு ஆட்டம் காட்டாது, ஆனா 30ல சீட் வளத்தா லீக் எக்ஸ்பிரஷனால (இண்டியூஸ் பண்ணாமலே ஜீன் கொஞ்சம் வேலை செய்யறது) வர்ற பாரம் குறைய வாய்ப்பு உண்டு.

ஷேக்கர் வேகமும் விஷயம்தான், ஆக்சிஜன் விட்டு விட்டு குறையற கல்ச்சர்ல பிளாஸ்மிட் நிலைக்கறது மோசமாகும். ஃபிளாஸ்க்க வாய் வரைக்கும் நிரப்பாதீங்க, அஞ்சுல ஒரு பங்கு போதும். 1 லிட்டர ரெண்டு, மூணு ஃபிளாஸ்க்கா பிரிச்சாலும் நல்லதுதான்.

ரெப்ளிகா_பிளேட்:

கெமோஸ்டாட் அண்ணா சொன்ன பாரம் எங்கேருந்து வருதுன்னு நான் சொல்றேன், ஏன்னா ஐபிடிஜி போடறதுக்கு முன்னாடியே தொலைஞ்சிருக்கு, அத கவனிக்கணும். எல்பி மாதிரி மீடியத்துல கொஞ்சம் லாக்டோஸ் வாசனை இருக்கும், பால் புரதத்துலேர்ந்து செய்யற டிரிப்டோன்ல ஒட்டிக்கிட்டு வர்றது. செல் நல்லா வளர்றப்ப ஒண்ணும் தெரியாது, சாச்சுரேஷன் நெருங்கி மத்த சாப்பாடு தீர்றப்ப அதுவே இண்டியூசரா வேலை செஞ்சு டி7 பாலிமரேஸ (பெட் வெக்டர்ல உள்ள ஜீன படிக்கற என்சைம்) திறந்து விடும். ஸ்டுடியர்ங்கற விஞ்ஞானி 2005ல தானா இண்டியூஸ் ஆகற ஆட்டோ இண்டக்ஷன் மீடியம்னு கொடுத்தது இந்த குணத்த நமக்கு சாதகமா திருப்பினதுதான். நீங்க எதுவும் போடாமலே ஓவர்நைட் கல்ச்சர் விடியக்காலைல தானா இண்டியூஸ் ஆகுது, உங்க என்சைம் செல்லுக்கு கொஞ்சம் கெடுதல் பண்ற ரகமா இருந்தா பிளாஸ்மிட் இருக்கற செல் அங்கயே தேங்கிடும், இல்லாதது ஓடிடும், ஆம்பிசிலினும் அந்நேரம் இருக்காது.

அதனால பிளேட்லயும் சீட்லயும் குளுக்கோஸ் 1 சதவீதம் போடுங்க, அது இருக்கற வரைக்கும் லாக்டோஸால இண்டியூஸ் ஆகாது. அப்புறம் சுத்தி எடுத்து குளுக்கோஸ் இல்லாத மீடியத்துல போட்டு இண்டியூஸ் பண்ணுங்க. நல்லா பஃபர் பண்ணுங்க, குளுக்கோஸ் போட்டா அமிலம் கூடும், மிட்லாக் சொன்ன மாதிரி ஆம்பிசிலினுக்கு அது ஆகாது.

அதுக்கு முன்னாடி உங்க பிளேட் சோதனைய ரெண்டோட நிறுத்தாம நாலா பண்ணுங்க. வெறும் எல்பி, ஆம்பிசிலின் மட்டும், ஐபிடிஜி மட்டும், ஐபிடிஜி ஆம்பிசிலின் ரெண்டும். நல்ல பெட் கல்ச்சர்ல முதல் ரெண்டுலயும் ஒரே அளவு வரணும். ஐபிடிஜி மட்டும் உள்ளதுல பிளாஸ்மிட் தொலைச்சது வளரும், அது 2 சதவீதத்துக்கு கீழ இருக்கணும். ரெண்டும் போட்டதுல வளர்றது பிளாஸ்மிட் இருந்தும் எக்ஸ்பிரஷன் செத்துப்போன மியூட்டன்ட், அது பத்தாயிரத்துல ஒண்ணு கூட இருக்கக் கூடாது. இந்த நாலாவது பிளேட் ரொம்ப முக்கியம், பிளாஸ்மிட் தொலையறது வேற, பிளாஸ்மிட் உள்ளயே இருந்து வெட்டுப்பட்டு உருமாறறது வேற. ரெண்டாவது ரகமா இருந்தா ஆன்டிபயாட்டிக் பிளேட்ல காலனி பிரமாதமா வரும், உள்ள ஜீன் இருக்காது, மினிப்ரெப்ல பிளாஸ்மிட்ட மட்டும் பிரிச்செடுத்து ரெஸ்ட்ரிக்ஷன் என்சைம்ல வெட்டிப் பாத்தாதான் தெரியும்.

கனமைசின் கேள்விக்கு: மாறலாம், ரெசிஸ்டன்ஸ் என்சைம் செல்லுக்குள்ளயே இருக்கறதால மீடியத்துல உள்ளத காலி பண்ணாது, ஆம்பிசிலின விட பல மடங்கு மேல். ஆனா பாஸ்பேட் அதிகமா உள்ள சத்தான மீடியத்துல வழக்கமான 25 மைக்ரோகிராம் போட்டா பிஎல்21(டிஇ3) ரெசிஸ்டன்ஸ் ஜீன் இல்லாமலே வளந்துடும், இதையும் ஸ்டுடியர்தான் கவனிச்சு 100 போடச் சொன்னார். டெரிஃபிக் பிராத், ஆட்டோ இண்டக்ஷன்னு போனா இத மறந்துடாதீங்க.

சிங்கிள்_காலனி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா எதிர்பாக்கல. நாலு பிளேட் போட்டாச்சு. பழைய முறைல வளத்த கல்ச்சர்: வெறும் எல்பி 150, ஆம்பிசிலின் 52, ஐபிடிஜி 97, ரெண்டும் போட்டதுல ஒண்ணுமே இல்ல. ரெப்ளிகா அக்கா சொன்னபடி பாத்தா சுத்தமா தொலையற கேஸ், மியூட்டன்ட் இல்ல, சரிதானே?

புதுசா டிரான்ஸ்ஃபார்ம் பண்ணி, குளுக்கோஸ் பிளேட், குளுக்கோஸ் சீட் 30 டிகிரி, ஓடி 0.8ல நிறுத்தி, சுத்தி, புது மீடியம்னு போட்டதுல வெறும் எல்பிக்கும் ஆம்பிசிலினுக்கும் வித்தியாசம் சொல்ற அளவுக்கு இல்ல, ஐபிடிஜி பிளேட்ல மூணே காலனி. ஜெல்லுல பேண்டும் டியூப்ல வந்த மாதிரியே தடியா வந்துடுச்சு. ஐபிடிஜி போட்டப்புறம் ஓடி மெதுவா ஏறுது, இப்ப அத பாத்தா சந்தோஷமா இருக்கு.

இன்னும் ரெண்டு கேள்வி. கிளிசரால் ஸ்டாக் (உறைய வச்சு சேமிக்கற செல்) எந்த கட்டத்துல எடுக்கறது நல்லது? அடுத்து இத ஃபெர்மென்டருக்கு (பெரிய அளவுல வளக்கற டேங்க்) கொண்டு போகணும், அங்க ஆன்டிபயாட்டிக் போட வேண்டாம்னு சொல்றாங்க, அப்ப என்ன வழி?

ரெப்ளிகா_பிளேட்:

சரிதான், 52ம் 97ம் கூட்டினா 149, வெறும் பிளேட்ல வந்த 150க்கு கணக்கு பொருந்தியே வருது. ஐபிடிஜி பிளேட்ல மூணு காலனிங்கறதும் அந்த 2 சதவீத எல்லைல வந்து உக்காந்திருக்கு, நல்ல முன்னேற்றம்.

ஸ்டாக் விஷயத்துல கறாரா இருங்க. குளுக்கோஸ் உள்ள மீடியத்துல ஓடி 0.6, 0.8ல இருக்கறப்ப கிளிசரால் கலந்து சின்ன சின்ன வயலா பிரிச்சு மைனஸ் 80ல போடுங்க. ஓவர்நைட் கல்ச்சர்லேர்ந்து ஸ்டாக் எடுத்தா அதுல ஏற்கனவே தொலைச்ச செல் கலந்திருக்கும், அதுக்கப்புறம் நீங்க பண்ற ஒவ்வொரு கல்ச்சரும் அந்தக் கலப்போடதான் ஆரம்பிக்கும். ஸ்டாக் போடற அன்னைக்கே அதே கல்ச்சர டைலூட் பண்ணி வெறும் பிளேட்ல பரப்பி, 100 காலனிய குச்சியால தொட்டு ஆம்பிசிலின் பிளேட்ல கட்டம் கட்டமா வைங்க. நூறும் வளந்தா தொலைஞ்சது சுமார் 3 சதவீதத்துக்கு மேல இல்லன்னு தைரியமா சொல்லலாம், அதுக்கு கீழ துல்லியம் வேணும்னா இன்னும் நிறைய தொடணும். ஆம்பிசிலின் பிளேட்ட ரொம்ப நேரம் வெளில விடாதீங்க, சுத்தி சாட்டிலைட் காலனி (ஆம்பிசிலின் உடைஞ்ச இடத்துல முளைக்கற பிளாஸ்மிட் இல்லாத குட்டி காலனி) வந்து எண்ணிக்கைய குழப்பும்.

கெமோஸ்டாட்:

ஃபெர்மென்டர் கேள்விக்கு. அங்க தலைமுறை கூடும், சீட் டேங்க், மெயின் டேங்க்னு கட்டம் கட்டமா போகும், அதனால வயல்லேர்ந்து அறுவடை வரைக்கும் மொத்தம் எத்தன தலைமுறைன்னு முதல்ல பேப்பர்ல கணக்கு போடுங்க. வயல்ல செல் எண்ணிக்கை அதிகமா இருந்தா நடுவுல ஒரு கட்டத்தையே தூக்கிடலாம். அதுக்கப்புறம் ஆய்வகத்துலயே ஆன்டிபயாட்டிக் இல்லாம அவ்வளவு தலைமுறைக்கு கல்ச்சர தினம் 1:1000 மாத்தி மாத்தி ஓட்டிப் பாருங்க, ஒரு மாத்தலுக்கு ஏறக்குறைய 10 தலைமுறை, ஒவ்வொரு தடவையும் நூறு காலனி தொட்டுப் பாத்தா எந்த இடத்துல சரியுதுன்னு தெரிஞ்சுடும்.

அந்த சோதனைல தாங்கலன்னா வெக்டர மாத்தற வேலைதான். செர் சேக்கறது, ஹாக்/சாக் மாதிரி விஷமும் மாத்து மருந்துமா இருக்கற டாக்சின் ஜோடி வைக்கறது, இல்லன்னா செல் உயிர் வாழ வேணும்ங்கற ஒரு ஜீன குரோமோசோம்லேர்ந்து எடுத்துட்டு பிளாஸ்மிட்ல வைக்கறது. எனக்கு பிடிச்சது கடைசி வழி, ஏன்னா ஹாக்/சாக் தொலைச்ச செல்ல கொல்லுமே தவிர தொலையறத தடுக்காது. ஒரு விஷயம் மட்டும் கவனம், இந்த ஜீன் முறைக்கு அந்த ஜீன் செய்யற பொருள் மீடியத்துல இருக்கக் கூடாது. அமினோ ஆசிட் செய்யற ஜீன்னா எல்பில அந்த அமினோ ஆசிட் தாராளமா கிடைக்கும், தொலைச்ச செல் அத சாப்பிட்டு வளந்துட்டே இருக்கும், அதனால அந்த அமினோ ஆசிட் இல்லாத மினிமல் மீடியத்துக்கு போகணும். ஃபெட் பேட்ச்ல குளுக்கோஸ கொஞ்சம் கொஞ்சமா விடறதால வளர்ச்சி வேகத்த நீங்களே பிடிச்சு வைக்கலாம், இண்டியூஸ் பண்ற வரைக்கும் லீக்க அடக்கி வைங்க, இண்டியூஸ் பண்ணப்புறம் அறுவடைய இழுத்தடிக்காதீங்க. அந்த கடைசி சில மணி நேரத்துல மணிக்கு ஒரு சாம்பிள் எடுத்து ரெண்டு பிளேட்லயும் போடுங்க, எப்ப அறுக்கணும்னு அதுவே காட்டிடும்.